ஈரத்தை மேலே போடுங்க: வியாபாரத்தில் துணிச்சலும் சேவையும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். திருப்பூர் சரக்கும் உண்டு, சென்னிமலைப் போர்வையும் உண்டு. எங்கள் பள்ளிவாசலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால மஃரிப் தொழுகைக்குப் பிறகு, புதிதாகக் கடை போட்ட பையன்கள் சிலர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பள்ளிவாசல் அஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) மார்க்கச் சட்டத்தைச் சொல்வார். சந்தை நிலவரம் சொல்வது என் பங்கு. அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தான் இவை. ஒன்றிரண்டு, பக்கத்துக் கடைக் கவுண்டர் டீ குடிக்கும்போது கேட்டது. இது ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, இல்லை. உங்கள் கணக்கு சிக்கலானது என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஆலிமிடம், அதாவது மார்க்க அறிஞரிடம், போய்விடுங்கள்.

வியாபாரத்துக்கும் வீரத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

நம்ம பக்கம் துணிச்சல்காரன் என்றால், ஐம்பது லட்சம் கடன் வாங்கி மெஷின் போட்டவன் என்றுதான் அர்த்தம். அதுவும் துணிச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மதீனாக் கடைத்தெருவில் நடந்த ஒரு சம்பவம்தான் நினைவுக்கு வரும்.

நபிகள் நாயகம் (ஸல்) ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. "என்ன இது?" என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் கடைக்காரர். "அப்படியானால் ஜனங்கள் பார்க்கிற மாதிரி அதை மேலே போட்டிருக்கக் கூடாதா? ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர்" என்றார்கள். இமாம் முஸ்லிமின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கும் செய்தி இது.

நனைந்ததை விற்காதே என்றோ, கொட்டிவிடு என்றோ சொல்லவில்லை, கவனித்தீர்களா? மேலே போடு என்றுதான் சொன்னார்கள். வாங்குகிறவர் கை இன்னும் ஈரத்தைத் தொடவில்லை. நாம் சும்மா இருந்தால் சரக்கு போய்விடும், பணமும் வந்துவிடும். அந்தப் பத்து விநாடியில் வாயைத் திறந்து "அடியில நனைஞ்சிருக்குங்க" என்று சொல்வதற்குத்தான் எனக்குத் தெரிந்து பெரிய தைரியம் வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

நபிகள் நாயகம் உண்மையிலேயே வியாபாரம் செய்தவர்களா?

ஆமாம். மக்காவே வணிகக் கூட்டங்களை நம்பிய ஊர். குறைஷிகளின் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் குர்ஆனிலேயே வருகின்றன. கதீஜா அம்மையார் சொந்த முதல் வைத்திருந்த வியாபாரி. அவருடைய சரக்கை ஷாம் தேசத்துக்கு (இன்றைய சிரியா பக்கம்) கொண்டுபோய் விற்று வந்தவர்கள்தான் நபிகள். அந்த நேர்மையைப் பார்த்த பிறகுதான் திருமணப் பேச்சே வந்தது. அப்போது நபிகளுக்கு 25 வயது. வீட்டிலிருந்து நைட்டி தைத்து விற்கும் நம் பெண்களிடம் "பொம்பளைக்கு எதுக்கு வியாபாரம்" என்று யாராவது சொன்னால், கதீஜா அம்மையாரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

குறையைச் சொன்னால் சரக்கு எப்படி விற்கும்?

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். எனக்கு அப்போது 24 வயது. திருப்பூரில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட் லாட் ஒன்று வாங்கினேன், 600 பீஸ். கட்டின் மேலே இருந்த இரண்டு டஜன் அருமையான சரக்கு. அடியில் போகப் போக அக்குள் பக்கம் ஓவர்லாக் தையல் விட்டிருந்தது, கழுத்துப் பட்டியில் ஊசி ஓட்டை. கனி மார்க்கெட் திங்கட்கிழமை ராத்திரி கூடி செவ்வாய் வரைக்கும் நடக்கும். கேரளாக்காரர்கள் நிறைய வருவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வியாபாரி டார்ச் அடித்து மேல்கட்டைப் பிரித்துப் பார்த்தார், துணியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார். நான் ஒன்றும் பேசவில்லை. மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் பார்சல் ஆபீசிலிருந்து ஒரு பேல் வந்தது. உள்ளே மிஸ்டேக் பீஸ்கள் மட்டும். மேலே ஒரு சீட்டு; அதில் 212 என்று எழுதி அடியில் ஒரு கோடு. ஒரு வார்த்தை கிடையாது. பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் என் கடைப் பக்கம் வரவே இல்லை. அவர் எதிர்க்கடையில் வாங்குவதை எத்தனையோ செவ்வாய்க்கிழமை பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் இமாம் அபூஹனீஃபாவின் கதை எனக்கு உறைத்தது. நம் ராவுத்தர் ஜமாஅத்துகள் பின்பற்றுவது அவருடைய மத்ஹபை, அதாவது சட்ட வழியைத்தான். எட்டாம் நூற்றாண்டில் கூஃபா நகரத்தில் துணி வியாபாரம் செய்தவர். ஒரு தடவை கூட்டாளிக்குச் சரக்கு அனுப்பும்போது, இன்ன துணியில் குறை இருக்கிறது, சொல்லி விற்றுவிடு என்றார். கூட்டாளி மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் இமாம் தர்மமாகக் கொடுத்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றில் வருகிறது. லாபத்தை மட்டும் அல்ல, முழுப் பணத்தையும். ஜவுளிக்காரனுக்கு இதன் கனம் புரியும்.

இப்போது என் கடையில் மிஸ்டேக் கட்டுக்குச் சிவப்பு நூல். பில்லிலும் எழுதிவிடுவோம். விற்காது என்பது பொய். விலை குறையும், அவ்வளவுதான். ரோட்டோரம் போட்டு விற்கிறவர்கள் சிவப்பு நூல் கட்டைத்தான் தேடி வருகிறார்கள். கைத்தையல் போட்டு அவர்களும் நாலு காசு பார்க்கிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் (இறையருளால் வரும் வளம்) உண்டு, மறைத்தால் பரக்கத் துடைக்கப்படும் என்ற ஹதீஸ் இமாம் புகாரியின் தொகுப்பில் இருக்கிறது.

"அல்லா மேல ஆணையா அசல் விலைங்க" என்று சொல்லலாமா?

பொய் என்றால் பேச்சே இல்லை. உண்மையாக இருந்தாலும் வேண்டாம். சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தை அழித்துவிடும் என்பது நபிமொழி. அசல் விலை சொல்ல இஷ்டமில்லை என்றால் "கட்டுபடி ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.

எடையில் அஞ்சு பத்து கிராம் முன்னே பின்னே போவது பெரிய பாவமா?

குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்கிறவர்களுக்குக் கேடு என்றே ஆரம்பிக்கிறது. அங்கே யாரைச் சொல்கிறது என்று பாருங்கள். மற்றவரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குகிறவர். தான் அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கிறவர். ஒரே ஆளுக்கு இரண்டு தராசு.

மண்டிப் பக்கம் போனால் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. விவசாயி மஞ்சள் மூட்டையைக் கொண்டுவந்தால் சாக்குக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். அதே மூட்டை வெளியூர் போகும்போது கழிவு எல்லாம் மறைந்துவிடும். விவசாயி பக்கமும் சும்மா இல்லை. நல்ல விரலியை வாய்ப்பக்கம் போட்டு, மண் ஒட்டிய கிழங்கை அடியில் தள்ளிய மூட்டையையும் பார்த்திருக்கிறோம். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் வாங்கிய சரக்கை அடி மூட்டையில் கெடுப்பது நியாயமா?

சர்க்கரையிலும் இதே கதைதான். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. ஒருவர் நம்பிக்கையோடு சாமிக்குப் படைக்கிற பொருளில் அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) கலந்து அனுப்புகிறவர் எந்த மதத்துக்காரராக இருந்தாலும், அது, அளவில் மோசம் செய்த மத்யன் ஊர்வாசிகளைக் குர்ஆனில் வரும் ஷுஐப் நபி எச்சரித்த அதே குற்றம்தான்.

மின்னணுத் தராசுக்கு வருஷம் ஒரு தடவை அரசு முத்திரை வாங்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யுங்கள். அப்புறம், நபிகள் கடைத்தெருவில் கூலிக்கு நிறுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் "நிறு, கொஞ்சம் தாழ்த்தியே நிறு" என்று சொன்னார்கள். நம்ம ஊர் காய்கறிக்கார அம்மா நிறுத்து முடித்த பிறகு ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவாரே, எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, அது கூடுமா?

பொள்ளாச்சி சந்தையிலும் சரி, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் சரி, இது பழைய வழக்கம். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை இன்னொருவர் அழுத்துவார். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேசுகிற இருவருக்கும் விலை தெளிவாகத் தெரிகிறது, இருவரும் சம்மதிக்கிறார்கள் என்றால் மறைவாகப் பேசியதில் மட்டும் குற்றமில்லை. பரஸ்பர சம்மதத்தோடு நடக்கும் வியாபாரம்தான் குர்ஆன் சொல்வது. தரகர் இந்தப் பக்கம் ஒரு விரலும் அந்தப் பக்கம் வேறு விரலும் பிடித்து நடுவில் உள்ளதை மடியில் கட்டினால், அது ஏமாற்று. தரகுக் கூலியைப் பேசி வாங்கிக்கொண்டு போகட்டும்.

மாட்டு வியாபாரத்தில் துண்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சந்தைக்கு முந்தின நாள் பால் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் அரபு நாட்டு ஆட்டுக்காரரும் ஒட்டகக்காரரும் செய்த அதே தந்திரம்! நபிகள் அதைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவருக்கு மூன்று நாள் அவகாசம் தந்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். இந்த விஷயத்தில் மனுஷன் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை போல.

ஏலத்தில் நாலு பேர் பேசி வைத்துக்கொள்வது?

வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடக் கேட்பதற்கு நஜ்ஷ் என்று பெயர், தெளிவாகத் தடுக்கப்பட்டது. வாங்குபவர்கள் கூடிப் பேசி விவசாயியின் விலையை இறக்குவதும் அதே குடும்பம்தான். சரக்கு சந்தைக்கு வந்து சேரும் முன்பே வழியில் போய் மடக்கி வாங்காதீர்கள் என்றும் ஹதீஸ் இருக்கிறது, ஏனென்றால் சந்தை விலை அவருக்குத் தெரியாது. இன்றைக்குத் தோட்டத்துக்கே போய் "மார்க்கெட் இறங்கிப் போச்சுங்க" என்று சொல்லித் தேங்காயை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பாக்கி வைத்தவர் தர முடியவில்லை என்கிறார். விட்டுவிட வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. முதலில் அவர் முடியாதவரா, மனசில்லாதவரா என்று பார்க்க வேண்டும்.

முடியாதவர் என்றால் வசனம் தெளிவு: கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிட்டால் உங்களுக்கு இன்னும் நல்லது (2:280). 2020-ல் ஊரடங்கு முடிந்த சமயம், ஒரு சின்ன ஊரில் லுங்கிக்கடை வைத்திருந்தவர் எனக்கு 84,000 ரூபாய் பாக்கி. "மாமா, ஒரே கட்டா கேட்டீங்கன்னா கடையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். வாரம் ஆயிரம் என்று பேசினோம். ஜூன் மாசம் ஆரம்பித்தது. ஒவ்வொரு செவ்வாயும் ரெண்டு ஐநூறு ரூபாய் நோட்டை மடித்து, பழைய டீத்தூள் கவரில் போட்டுக் கொண்டுவருவார். 2022 ஜனவரியில் முடிந்தது. நடுவில் ரெண்டு தடவை எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். மல்யுத்தத்தில் வீழ்த்துகிறவன் வீரன் அல்ல, கோபத்தில் தன்னை அடக்குகிறவனே வீரன் என்ற ஹதீஸை எங்கள் அஜ்ரத் ஞாபகப்படுத்தினார். பாக்கி வசூலுக்குப் போகிற பையன்களுக்கு முதல் பாடமாக இதைச் சொல்லலாம். வாசலில் நின்று சத்தம் போட்டு நாலு பேர் கேட்கப் பேசுவது வீரம் இல்லை.

மனசில்லாதவர் கதை வேறு. வசதி உள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபிமொழி. அவரிடம் கறாராகக் கேட்கலாம், வழக்கும் போடலாம். சிறு, குறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. இருந்தும் ஜாப் ஒர்க் செய்கிற தையல் யூனிட்காரர் நாலு மாசம் அலைகிறார். பெரிய ஆளுக்கு நாளை என்றாலும் பரவாயில்லை. சின்ன ஆளுக்கு இன்றே கொடுத்துவிடுங்கள். ரசீதுப் புத்தகம் கொண்டுவருகிறவருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு முன்னால் செய்ய வேண்டிய சேவை இது.

இன்னொன்று, எழுதுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ, தவணையோடு எழுதச் சலிப்படையாதீர்கள் என்கிறது. "மச்சானாச்சே, சீட்டு எதுக்கு" என்று விட்ட பணம்தான் கடைசியில் மச்சான் உறவையும் கெடுக்கிறது.

வட்டி இல்லாமல் தொழில் நடத்த முடியுமா?

சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியை அல்லாஹ் தடுத்திருக்கிறான் (2:275). அதில் பேரம் இல்லை. ரன் வட்டி, மீட்டர் வட்டி என்று நம்ம சந்தைகளில் ஓடுவது மார்க்கத்துக்கு மட்டும் விரோதம் இல்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. காலையில் வாங்கி ராத்திரி கட்டுகிற காய்கறிக்காரர் யாருக்காக உழைக்கிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

வழிகள் உண்டு. ஒருவர் முதல் போட, இன்னொருவர் உழைக்க, லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிப்பது. கதீஜா அம்மையாரின் சரக்கை நபிகள் கொண்டுபோனது இந்த மாதிரிதான். விளைச்சலுக்கு முன்கூட்டியே முழுப்பணம் கொடுத்து வாங்குவதும் ஆகும். அளவு, எடை, தவணை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். சீட்டுப் பிடிப்பதில் தள்ளுபடி ஏலம் இல்லாத குலுக்கல் சீட்டை ஆலிம்கள் பலர் ஆகுமென்று சொல்கிறார்கள்.

அதைவிட முக்கியம், சின்னதாக ஆரம்பிக்க வெட்கப்படாமல் இருப்பது. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த நபித்தோழர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபுக்கு, மதீனாக்காரர் ஒருவர் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றார். "உங்கள் சொத்தில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், சந்தை எங்கே என்று காட்டுங்கள்" என்று கேட்டு, பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று எழுந்தார் அவர். நம்ம பக்கத்துக்கு வந்தால், திருப்பூரில் முதல் பின்னலாடைத் தொழிலகத்தை 1925-ல் தொடங்கியவர் குலாம் காதர் என்று தொழில் வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். அந்த ஊரில் அதுவரை யாரும் பார்க்காத மெஷின். இன்றைக்குப் பல லட்சம் பேருக்குச் சோறு போடும் பனியன் தொழில் அப்படி ஆரம்பித்தது.

கூலி விஷயத்தில் மார்க்கம் என்ன சொல்கிறது?

வியர்வை உலருமுன் கொடுங்கள். வேலையை முழுசாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் நானே எதிராளி என்று அல்லாஹ் சொல்வதாகப் புகாரியில் இருக்கிறது. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் போன் எடுக்காத முதலாளிகள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். பீஸ் ரேட்டை வேலை முடிந்த பிறகு சொல்வதும் தப்பு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையனுக்குத் தமிழ் தெரியாது என்பதற்காகக் கணக்கு வேறு ஆகாது.

சாயக்கழிவு, ஆறு, குளம் எல்லாம் வியாபார ஒழுக்கத்தில் வருமா?

வராமல் எப்படி? தீங்கு செய்வதும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. நொய்யலில் சாயத்தண்ணி ஓடியதையும், ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் பட்ட பாட்டையும் நாம் கண்ணால் பார்த்தோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது பனியன் தொழிலே ஆடிப்போனது. கழிவே வெளியேறாத முறைக்கு அதன் பிறகு செலவழித்து மாறியவர்களைப் பார்க்கிறோம். அந்தச் செலவைத் தவிர்த்து ராத்திரியில் குழாயைத் திறந்துவிடுகிற ஆளிடம் விலை பத்துப் பைசா குறைவாகத்தான் இருக்கும். அந்தப் பத்துப் பைசாவுக்காக அவரிடம் சாயம் போடக் கொடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. தீன்தாரிகள் (மார்க்கப் பற்றுள்ளவர்கள்) என்று பேர் வாங்கிய நம்மவர்களே பலர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பது என் ஆதங்கம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடையை மூடினால் வியாபாரம் போகுமே?

போகும், முக்கால் மணி நேரம். பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விடுங்கள் என்ற வசனத்துக்கு அடுத்த வசனமே, தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்கிறது. நம்ம வாடிக்கைக்காரர்களுக்கு "பாய் ஒண்ணே முக்காலுக்குத்தான் வருவார்" என்று எப்போதோ பழகிவிட்டது.

நஷ்டம், தீ, திருட்டு என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. தவக்குல் (இறைவனை நம்பி ஒப்படைப்பது) என்றால் பயமே இருக்கக் கூடாதா?

2023 ஜூனில் திருப்பூர் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீப்பிடித்து ஏறத்தாழ 50 கடைகள் எரிந்துபோயின. அடுத்த கடைக்காரனாக அந்தச் செய்தியைப் படித்தவனுக்கு வயிறு கலங்காமல் இருக்காது. பயம் தப்பில்லை. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்றுதான் நபிகள் சொன்னார்கள். பழைய ஒயரை மாற்றுங்கள், தீயணைப்பு சிலிண்டரை வாசல் பக்கம் வையுங்கள், கணக்கின் நகல் வீட்டில் இருக்கட்டும். காப்பீட்டில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, கேட்டுச் செய்யுங்கள். கடன்பட்டு நிற்கிறவர் ஜகாத் (கட்டாய தர்மம்) பெறத் தகுதியான எட்டு வகையினரில் ஒருவர். விழுந்த வியாபாரியைத் தூக்கிவிட ஜமாஅத்துக்கு வழியும் இருக்கிறது, கடமையும் இருக்கிறது.

கடைச் சரக்குக்கு ஜகாத் எப்படிப் போடுவது?

சுருக்கமாக: சரக்கின் இன்றைய விற்பனை மதிப்பு, கையிருப்பு, வரும் என்று நம்பிக்கையுள்ள பாக்கி மூன்றையும் கூட்டி, நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கழித்து, நிஸாபுக்கு (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு) மேல் இருந்து ஒரு சந்திர வருஷம் ஆகியிருந்தால் இரண்டரை சதவீதம். சரக்கு 6 லட்சம், பணம் 1 லட்சம், வரவேண்டியது 2 லட்சம், கொடுக்க வேண்டியது 3 லட்சம் என்றால் மிச்சம் 6 லட்சம். ஜகாத் 15,000 ரூபாய். ரேக், தையல் மெஷின், தராசு, வண்டி இதெல்லாம் கணக்கில் சேராது. விற்காமல் கிடக்கும் பழைய சரக்கையே ஜகாத்தாகத் தள்ளிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. நீங்கள் போடத் தயங்குகிற சட்டையை ஏழைக்குக் கொடுக்காதீர்கள்.

வாடிக்கைக்காரர் முஸ்லிம் இல்லை என்றாலும் இதே விதிகள்தானா?

பக்கத்துக் கடைக் கவுண்டர் சிரித்துக்கொண்டே கேட்டது இது. ஆமாம், இம்மி பிசகாமல் இதேதான். நபிகள் இறந்தபோது அவர்களுடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்காக அடமானத்தில் இருந்தது. அந்த அளவுக்குக் கொடுக்கல் வாங்கல். மக்காவைவிட்டு வெளியேறிய ராத்திரியில்கூட, கொல்ல வந்த ஊர்க்காரர்களே ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கத் தம் உறவினர் அலீயை நிறுத்திவிட்டுத்தான் போனார்கள்.

அத்தா (அப்பா) மவுத்தாகிவிட்டார். பழைய நோட்டில் கொடுக்க வேண்டிய பாக்கிகள் இருக்கின்றன. என்ன செய்வது?

வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் முன் கடன் போக வேண்டும். குர்ஆன் பாகப்பிரிவினை வசனங்களிலேயே (4:11, 12) அந்த வரிசையைச் சொல்கிறது. ஆரம்ப காலத்தில் கடன் வைத்து இறந்தவருக்கு நபிகள் ஜனாஸா தொழுகை நடத்தாமல், நீங்கள் தொழுதுகொள்ளுங்கள் என்று சொன்ன சந்தர்ப்பங்கள் உண்டு. பிறகு வசதி வந்தபோது அந்தக் கடன்களைத் தாமே ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் அத்தா இறந்தபோது ஒரு நீள நோட்டு கிடைத்தது. பின்பக்கம், பென்சிலில், ஒன்பது வரிகள். ஏழு பேரைத் தேடிப் பிடித்துவிட்டோம். ஒருவர் வாங்கவே மாட்டேன் என்றார். அவருடைய பேரன் படிப்புக்குக் கொடுத்தோம். எட்டாவது ஆள் ஊரைவிட்டே போய்விட்டார், வாரிசு யாரும் கிடைக்கவில்லை. அஜ்ரத்தைக் கேட்டு, அவர் பேரில் நன்மை சேரட்டும் என்று தர்மம் செய்துவிட்டோம். அவர் ஆட்கள் எப்போதாவது வந்து கேட்டால் திரும்பவும் கொடுக்க வேண்டும். ஒன்பதாவது வரியில் பெயர் இல்லை. "பவானி, ஜமுக்காளம், 340" என்று மட்டும் இருந்தது. தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு பவானிக்குப் போய், தறி இருக்கிற தெருத் தெருவாக அத்தா பெயரைச் சொல்லி விசாரித்தான். மூன்றாவது தடவை போனபோது ஒரு வயசான நெசவாளர் நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது எங்கய்யா கணக்கு. ஆனா 340 இல்ல, 310தான்" என்று முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.